நுணலின் குரலும் நம் சதுப்பும்

(உதகைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் நூலக விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, அடைமழையையும் பொருட்படுத்தாமல் மேலூரிலிருந்து நடந்தே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்க் கவுடர் அவர்களே, ஒழுகிக் கொண்டிருந்த இந்தக் கூடத்திற்குப் புதிய கூரை போட்டுத் தந்த ஊராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, அலுவல் நெருக்கடியிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, சுடச்சுடத் தேநீர் தந்து குளிரை விரட்டிய மகளிர் குழுச் சகோதரிகளே, என் பழைய மாணவர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

தவளையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று வாசலில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தவளை, தேரை இனங்கள் மட்டும் 7,000-க்கும் மேல் இருக்கின்றன, ஐயா. அவற்றின் உருவம், பிள்ளை வளர்ப்பு, நஞ்சு, குரல் ஆகிய நான்கைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன். நம் முன்னோர் இந்தக் குரலைப் பற்றித்தான் 'நுணலும் தன் வாயால் கெடும்' என்று சொல்லி வைத்தார்கள். மணலுக்குள் மறைந்து கிடக்கும் நுணல், அதாவது தவளை, சத்தமிட்டுத் தான் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பது அதன் பொருள்.

முதலில் உருவம். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டு ஆறுகளில் வாழும் கோலியாத் தவளை 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளமும் மூன்று கிலோவுக்கு மேல் எடையும் கொண்டது. 2012-இல் அறிவிக்கப்பட்ட பாப்புவா நியூ கினித் தவளை ஒன்றோ 7.7 மில்லிமீட்டர்தான், ஓர் அரிசியின் அளவு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதா நிறத் தவளை ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் கிடந்து, முதல் மழையின்போது சில நாட்கள் மட்டும் இணை தேடி வெளியே வருகிறது. 2003-இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். அதன் நெருங்கிய உறவினங்கள் இருப்பது கடலுக்கு அப்பால், செஷல்ஸ் தீவுகளில். இந்திய நிலப்பரப்பும் அந்தத் தீவுகளும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு இந்தத் தவளை உயிருள்ள சாட்சி. திருவில்லிபுத்தூர் மலையில் கண்டு 2017-இல் அறிவிக்கப்பட்ட இதன் சகோதர இனத்திற்கு, கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி மறைந்த முனைவர் பூபதியின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பிள்ளை வளர்ப்புக்கு ஓர் உதாரணம் போதும். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் டார்வின் தவளை என்று ஒன்று உண்டு. அதன் தந்தை குஞ்சுகளைத் தன் குரல் பைக்குள்ளேயே வைத்து வளர்க்கிறது. பாடும் பையே அங்கே தொட்டில்.

இனி குரலுக்கு வருவோம். பனாமா நாட்டில் நம் பழமொழி எழுத்துக்கு எழுத்து உண்மை. அங்கே ஒருவகை வௌவால், துங்காரா தவளை பாடும் பாட்டைக் கேட்டே அதைத் தேடி வந்து கவ்விக் கொண்டு போகிறது. நுணலும் தன் வாயால் கெடும். ஆனாலும் பாடாமல் இருந்தால் இணை கிடைக்காது, இணை இல்லையென்றால் வம்சம் இல்லை. ஆகவே உயிரைப் பணயம் வைத்துப் பாடுகிறது.

என் மாணவர்கள் சிலருக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், தென்மேற்குப் பருவமழை பிடித்த வாரம், நம் ஊர்ச் சதுப்போரப் பாதையில் பொழுது சாய்ந்ததும் யாரோ மணி அடிக்கிறார்கள் என்று பிள்ளைகள் அந்த வழியே வர அஞ்சினார்கள். ஒரு தாய் என்னிடம் வந்து, "வாத்தியாரே, நீங்களே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூட்டிக் கொண்டு டார்ச் விளக்கோடு போனேன். 'டிங், டிங்' என்று தெளிவாகக் கேட்டது. இரண்டு அடி வைத்தால் நின்றுவிடும். நாங்கள் அசையாமல் நின்றால் மீண்டும் தொடங்கும். அட்டைகள் காலில் ஏற ஏற, அரை மணி நேரம் அப்படியே நின்றோம். அந்தப் பையன்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஐயா, உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில்!" என்றான். ஒரு புல்லிதழின் மேல், என் கட்டைவிரல் நகத்தளவே ஆன புதர்த்தவளை! தொண்டையின் கீழ்ப் பை கண்ணாடிக் குமிழி போல அதன் தலையைவிடப் பெரிதாக உப்ப, உள்ளே விளக்கொளி ஊடுருவித் தெரிந்தது. ஒவ்வொரு 'டிங்'குக்கும் அதன் உடல் முழுவதும் நடுங்கியது. நீலகிரியின் இந்தத் தவளைக்கு 1853-இலேயே ஜெர்டன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், கணீரென ஒலிப்பது என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டியிருந்தார் என்பதைப் பிற்பாடு படித்துத்தான் அறிந்தேன். மறுநாள் காலை அந்தத் தாயிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. அன்று மாலையே தெருவே திரண்டு போய்ப் பார்த்தது.

இந்தப் புதர்த்தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, முழுத் தவளைக் குஞ்சாகவே வெளியே வருகிறது. ஆகவே அதற்குக் குளம் வேண்டியதில்லை. முட்டை உலராதபடி எந்நேரமும் ஈரமாக இருக்கும் இலையும் சருகும் புல்லும்தான் வேண்டும். அந்த ஈரத்தைப் பள்ளத்தில் பிடித்து வைப்பது சதுப்பு. மழையை உறிஞ்சி வைத்து, மார்ச் மாதத்திலும் ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் அதே சதுப்புதான். புல்வெளியை விழுங்கிக் கொண்டிருக்கும் சீகை (வாட்டில்) மரமும், நீரை உறிஞ்சும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் ஏற்கெனவே அதை வாட்டுகின்றன.

சென்ற ஆண்டு ஒரு கட்டட வேலையின் மண்ணை இரவோடு இரவாக லாரிகளில் கொண்டுவந்து நம் சதுப்பின் கிழக்கு மூலையில் கொட்டிவிட்டார்கள். யார் என்று இந்த மேடையில் சொல்லப் போவதில்லை. இந்த ஜூன் மாதம் ஒன்பது இரவுகள் அந்த மூலையில் போய் நின்றேன். ஒரு 'டிங்' கூடக் கேட்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த மூலையில் வாய் திறக்கவே ஒரு நுணல் மிஞ்சவில்லை. சதுப்பைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன், உங்கள் கேரட் தோட்டத்துக்குக் கோடையில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நஞ்சைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, பொறுத்தருள வேண்டும். வரும் அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடும்போது, சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, இந்தச் சதுப்பில் இனி ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது, கொட்டிய மண்ணை அள்ள வேண்டும் என்று தீர்மானம் போட வேண்டும். ஊராட்சித் தலைவர் அம்மையார் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதாக வாக்களித்திருக்கிறார். மனு பின்மேசையில் இருக்கிறது. கவுடர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். கையெழுத்திட்டவர்கள் ஏழு மணிக்குச் சதுப்பின் மேற்கு ஓரத்துக்கு வாருங்கள். அங்கே இன்னும் பாடுகின்றன. டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் காகிதம் கட்டிக் கொண்டு வாருங்கள், அட்டைக்குக் கொஞ்சம் உப்பும் எடுத்துக் கொள்ளுங்கள்.