தட்டில் வந்த குலச்சின்னம்
(நூலக விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, கேட்டவுடன் மேடை தந்த நூலகர் ஐயா அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த வணிகர் சங்கப் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

சீனப் பீங்கானில் ஐரோப்பியக் குடும்பங்களின் குலச்சின்னம், அதாவது பரம்பரை அடையாளப் படம், ஏறிய கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். எப்படிச் செய்தார்கள், ஏன் நின்றுபோனது, நமக்கு அதில் என்ன வேலை என்று மூன்று செய்திகள். ‘எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா’ என்பார்கள். அதை மனத்தில் வைத்துக் கேளுங்கள்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் தங்கள் சின்னத்தைத் தாளில் வரைந்து கப்பலில் அனுப்புவார்கள். சீனாவின் ஜிங்தெசென் நகரச் சூளைகளில் சுட்ட வெள்ளைப் பீங்கான், இன்று குவாங்சோ எனப்படும் காண்டன் துறைமுகத்துக்கு வரும். அங்கே ஓவியர்கள் தாளைப் பார்த்து வண்ணம் தீட்டி மறுபடி சுடுவார்கள்.

லீக் ஓக்கோவர் என்றொரு நிலக்கிழார். இங்கிலாந்தின் ஆஷ்போர்ன் ஊர் அருகே பெரிய வீடு. சாதாரணப் படம் போதாது என்று, ஒரு தட்டு எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே வண்ணத்தில் தீட்டச்செய்து அனுப்பினார். தன் பெயர், ஊர் எல்லாம் எழுதி, ‘மாதிரியைத் திருப்பி அனுப்பவும்’ என்றும் குறித்துவிட்டார். பாருங்கள், எவ்வளவு கருத்தான மனிதர்! கப்பல் போனது, காத்திருந்தார். 1740இல் தட்டுகளின் முதல் தொகுதி வந்தது, 1743இல் அடுத்தது. ஒரு தட்டுக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு. அன்றைக்கு அது பெரும் பணம். மாதிரியும் பத்திரமாக வீடு திரும்பியது! இன்றும் அந்தப் படத்தையும் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காண்டன் ஓவியரின் கை எவ்வளவு துல்லியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எழுதி வைத்தார், நமக்குத் தெரிகிறது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

ஏன் நின்றது என்றால், இங்கிலாந்திலேயே பாண்டத் தொழில் வளர்ந்தது, இறக்குமதி வரி ஏறியது, 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனியே சீனப் பீங்கானைப் பெருமளவில் இறக்குமதி செய்வதை நிறுத்தியது. சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நம் வீட்டுப் பித்தளை அண்டாவிலும் தாத்தா பெயர், ஊர், கல்யாண வருடம் வெட்டியிருக்குமே, அதுவும் குலச்சின்னம்தான். அதைப் பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் என்று எடைக்குப் போடுகிறோம். என் மனம் பதறுகிறது. போடத்தான் வேண்டுமென்றால், முதலில் அந்த எழுத்தைப் படம் எடுங்கள்; யார் கொடுத்தது, எந்தக் கல்யாணத்துக்கு என்று பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். நூலகர் ஐயா வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் போகும் முன் உங்கள் வீட்டுப் பாத்திரம் ஒன்றின் பெயரையாவது அதில் பதியுங்கள். நன்றி, வணக்கம்.