ஒரு சக்கரத்துக்கு 400 லிட்டர்: ஜூரா மலையின் பாலும் புகையும் நிலவறையும்

[காட்சி: விடியற்காலை. ஆளுயரச் செப்புக் கொப்பரை. அதன்மேல் எழும் ஆவி. வெள்ளை உடை அணிந்த ஒருவர் முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவுகிறார்.]

வணக்கம். இந்தக் கொப்பரைக்குள் இருப்பது, பாலாடைக்கட்டி செய்வதற்காக அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் நேற்று மாலையிலும் இன்று காலையிலும் கறந்த பால். இதைக் காய்ச்சிக் கிருமி நீக்கவில்லை. கறந்த பாலைக் கறந்தபடியே ஊற்றியிருக்கிறார்கள். முதல் கறவைக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் உறை ஊற்றியாக வேண்டும் என்பது இங்கே சட்டம். பிரான்சின் கிழக்கு எல்லையில், ஸ்விட்சர்லாந்தை ஒட்டி நீளும் ஜூரா மலைத்தொடரில் இருக்கிறோம். புவியியலில் ஜுராசிக் காலம் என்று ஒரு யுகத்தைக் குறிப்பிடுகிறோமே, அந்தப் பெயரே இந்த மலையின் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து எடுத்ததுதான்.

இந்த மலையின் உணவுகளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்கு போதும். கோந்தே என்று பெயர் பெற்ற இவ்வூர்ப் பாலாடைக்கட்டியைச் சக்கர வடிவில் வார்க்கிறார்கள்; ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ எடை இருக்கும். அதற்கு ஏறக்குறைய 400 லிட்டர் பால் தேவை. ஒரு மாடு நாளொன்றுக்கு 20 லிட்டர் கறக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சக்கரத்துக்கு இருபது மாடுகளின் ஒரு நாள் பால் வேண்டும். நாலைந்து மாடுகள் மட்டுமே வைத்திருந்த பழைய காலத்துக் குடியானவர் இந்தச் சக்கரத்தைத் தனியாகச் செய்திருக்கவே முடியாது.

அப்படியானால் இவ்வளவு பெரிய சக்கரம் எதற்கு? பனிக்காலம்தான் காரணம். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை மாடுகள் தொழுவத்தை விட்டு வெளியே வருவதில்லை. பாதைகளைப் பனி மூடிவிடும். கோடையில் பெருகும் பாலை அந்தக் குளிர்காலம் முழுவதற்கும், முடிந்தால் தொலைதூரச் சந்தைக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். சிறிய கட்டி சீக்கிரம் காய்ந்து கெட்டுவிடும். பெரிய சக்கரமோ மாதக்கணக்கில் தாங்கும். ஆகவே ஊரார் தங்கள் பாலை ஓரிடத்தில் சேர்த்தார்கள். 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இப்படிப் பால் சேர்த்த செய்தி இருக்கிறது. அந்தக் கூட்டுறவுப் பால்கூடத்துக்கு இவர்கள் வைத்த பெயர் ஃப்ருய்த்தியேர். பழத்துக்கும் பலனுக்கும் பொதுவான சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சேர்த்த உழைப்பின் பலன் பழுக்கும் இடம் என்று அதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்றும் ஏறத்தாழ 140 ஃப்ருய்த்தியேர்கள் இயங்குகின்றன. பெரும்பாலானவற்றின் உரிமையாளர்கள் பால் ஊற்றும் விவசாயிகளே. ஒவ்வொரு கூடமும் 25 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் இருந்துதான் பால் எடுக்கலாம். இந்த விதியை மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் ஒரு பெருநிறுவனம் வந்து மலை முழுவதன் பாலையும் ஒரே தொழிற்சாலைக்குள் இழுத்துக்கொள்வதை இது ஒன்றே தடுத்துவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் எந்தப் புல், எந்தப் பூ முளைக்கிறதோ அதன் மணம் அந்தக் கூடத்தின் சக்கரத்தில் தங்குகிறது. அடுத்த பள்ளத்தாக்கின் சக்கரம் வேறு மாதிரி மணக்கும்.

[காட்சி: சரிவான புல்வெளி. வெள்ளையும் செம்பழுப்புமாகத் திட்டுத்திட்டான மாடுகள். கழுத்து மணியோசை.]

இவை மோன்பெலியார்த் இன மாடுகள். கோந்தேவுக்குப் பால் தரும் மாடுகளில் பெரும்பங்கு இந்த இனமே. மிச்சம் பிரெஞ்சு சிம்மென்டால். வேறு இனத்துக்கு அனுமதியில்லை. ஒரு மாட்டுக்கு ஒரு ஹெக்டேர் புல்வெளியாவது இருக்க வேண்டும். குழியில் போட்டுப் புளிக்கவைத்த தீவனம் கூடாது. கோடையில் பச்சைப் புல், குளிர்காலத்தில் வெயிலில் உலர்த்திய புல். மாடு தன் விருப்பப்படி போய் நின்றுகொள்ளும் கறவை எந்திரத்தையும் தடுத்திருக்கிறார்கள். காலையும் மாலையும் நேரம் தவறாமல் மனிதர் தொழுவத்தில் நின்றுதான் கறக்க வேண்டும். 1958இல் கோந்தேவுக்குப் பிறப்பிடப் பெயர்க் காப்பு கிடைத்தது; அதாவது இந்தப் பகுதியில், இந்த விதிகளின்படி செய்தால் மட்டுமே அந்தப் பெயரைச் சூட்டலாம். அதன் பின்னர் விதிகள் தளரவில்லை. மேலும் மேலும் இறுகியே வந்திருக்கின்றன.

இனிக் கொப்பரைக்குத் திரும்புவோம். பாலை ஏறக்குறைய 32 டிகிரிக்குச் சூடாக்கி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள். அரை மணி நேரத்தில் பால் கெட்டித் தயிர்போல் இறுகுகிறது. கம்பிகள் கட்டிய சட்டங்களால் அதை அரிசிமணி, கோதுமைமணி அளவுக்கு வெட்டுகிறார்கள். பிறகு கிளறிக்கொண்டே 54 டிகிரி அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். இந்த வேளையில்தான் அவர் கையை உள்ளே விடுகிறார். ஒரு பிடி மணிகளை அள்ளி, உள்ளங்கையில் அழுத்தி, விரலால் உதிர்த்துப் பார்க்கிறார். பிடித்தால் ஒட்டவும் வேண்டும், உதிர்த்தால் உதிரவும் வேண்டும். கடிகாரமும் வெப்பமானியும் சுவரில் இருந்தாலும், போதும் என்று சொல்வது அந்த விரல்களே. அதன் பிறகு எல்லாம் வேகமாக நடக்கிறது. அச்சுகளில் வார்த்து, பல மணி நேரம் அழுத்திவைத்து, விளிம்பில் ஒரு பச்சை வில்லையைப் பதிக்கிறார்கள். எந்தக் கூடத்தில், எந்த நாளில் செய்தது என்பது அந்த வில்லையில் இருக்கும்.

[காட்சி: கல் வளைவுகள் கொண்ட நீண்ட நிலவறை. கண்ணுக்கு எட்டும் தொலைவு வரை பலகை அடுக்குகளில் சக்கரங்கள்.]

கோந்தே குறைந்தது 4 மாதம் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பலகையில் கிடக்க வேண்டும். ஒரு வருடத்தைத் தாண்டிக் கிடப்பவை நிறைய உண்டு. நீங்கள் காண்பது சேன்-அந்துவான் கோட்டை. 1870ஆம் ஆண்டு பிரஷ்யாவோடு தொடங்கிய போரில் தோற்ற பின்னர் எல்லையைக் காக்க பிரெஞ்சு இராணுவம் கட்டியது. கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டர் உயரத்தில், மண்ணுக்குள் புதைந்தாற்போல் நிற்கிறது. பீரங்கிக்குப் பயன்படாமல் கிடந்த இந்தக் கோட்டையை 1966இல் மார்செல் பெத்தித் என்ற பாலாடைக்கட்டி வணிகர் எடுத்துக்கொண்டார். சூடான நிலவறையில் சீக்கிரம் பழுக்கவைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், குளிர்ந்த அறையில் மெல்லப் பழுக்கட்டும் என்று அவர் காத்திருக்கத் துணிந்தார். இன்று இங்கே சுமார் 1 லட்சம் சக்கரங்கள் உறங்குகின்றன. உப்புநீரால் துடைத்துப் புரட்டிப்போடும் வேலையை இப்போது பெரும்பாலும் எந்திரங்கள் செய்கின்றன. எது எப்போது வெளியே போகலாம் என்பதை மட்டும் நிலவறைப் பொறுப்பாளர் முடிவு செய்கிறார்.

அவர் கையிலிருக்கும் கருவியைக் கவனியுங்கள். ஒரு முனை சிறு சுத்தியல், மறுமுனை குழாய்போல் குடைந்த கூர்மை. முதலில் சுத்தியலால் சக்கரத்தின் மேல் வரிசையாகத் தட்டுகிறார். நம் ஊர்ச் சந்தையில் தர்ப்பூசணியைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதைப் போல, உள்ளே வெடிப்போ பொந்தோ இருந்தால் ஓசை மாறுவதைக் கேட்கிறார். பிறகு மறுமுனையை ஓரத்தில் செருகித் திருகி, விரல் நீளத்துக்கு ஒரு துண்டை உருவுகிறார். முகர்கிறார். நுனியில் கடுகளவு கிள்ளி விரல்களுக்கிடையே பிசைந்து, மறுபடி முகர்கிறார். மீதித் துண்டை எடுத்த துளையிலேயே செருகி, மேலே விரலால் நீவி மூடிவிடுகிறார். துளை இருந்த இடம் தெரியவில்லை.

விற்பனைக்கு முன் ஒவ்வொரு சக்கரமும் 20க்கு மதிப்பெண் பெறுகிறது. 14ம் அதற்கு மேலும் பெற்றால் விளிம்பில் பச்சைப் பட்டை. 12க்கும் 14க்கும் இடைப்பட்டால் பழுப்புப் பட்டை. 12க்குக் கீழே போனால் அந்தப் பெயரே கிடையாது.

பால் நிறைந்தபோது நடப்பதைப் பார்த்தோம். பால் குறைந்தபோது என்ன செய்தார்கள்? என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான்.

[காட்சி: குறுக்கே வெட்டிய கட்டி. நடுவில் ஒரே நேரான கருங்கோடு.]

இது மொர்பியே என்ற பாலாடைக்கட்டி. பனியில் பாதை அடைபட்டு, ஃப்ருய்த்தியேருக்குப் பால் கொண்டுபோக முடியாத நாளில், பண்ணைக்காரர் வீட்டிலேயே பாலைத் திரித்தார். மாலைப் பால் பாதி அச்சைத்தான் நிரப்பும். இரவில் அது வறண்டு தோல் பிடிக்காமலும் பூச்சி மொய்க்காமலும் இருக்க, கொப்பரையின் அடியில் படிந்த கரியைத் தடவி மேற்பரப்பில் பூசிவைத்தார். மறுநாள் காலைப் பாலின் திரட்டை அதன்மேல் வார்த்தார். அந்த ஓரிரவின் அடையாளமே இந்தக் கோடு. இப்போது ஒரே வேளைப் பாலில் செய்கிறார்கள். கோட்டுக்கு மரக்கரி பயன்படுகிறது. ஆனாலும் கருங்கோடு போடுவதை நிறுத்தவில்லை. 2000இல் இதற்கும் பெயர்க் காப்பு வந்தது. பெயரைச் சொல்லாமல் தோற்றத்தை மட்டும் நகலெடுப்பதும் வாங்குபவரை ஏமாற்றுவதாக அமையலாம் என்று 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இந்தக் கருங்கோடு பற்றிய வழக்கில்தான் தீர்ப்பளித்தது.

மோன்தோர் என்ற பாலாடைக்கட்டி இன்னும் சிறியது. இலையுதிர்காலத்தில் பால் சுருங்கி, பெரிய சக்கரத்துக்குப் போதாமல் போகும் பருவத்தில் பிறந்தது. இன்றும் ஆகஸ்ட் 15 முதல் மார்ச் 15 வரை மட்டுமே இதைச் செய்யலாம். கரண்டியால் அள்ளும் அளவுக்கு மென்மையாக இருப்பதால் தானாக நிற்காது. ஆகவே ஸ்ப்ரூஸ் மரத்தின் உட்பட்டையை வாராக உரித்து இடுப்பில் கட்டி, அதே மரத்தில் செய்த பெட்டிக்குள் இறக்குகிறார்கள். அந்த வாரை உரிப்பதற்கென்றே காட்டில் தனித் தொழிலாளர்கள் உண்டு. வெட்டிக் கிடக்கும் மரத்தின் முரட்டு மேற்பட்டையைச் செதுக்கிவிட்டு, அடியிலுள்ள மெல்லிய பட்டையை நீளநீளமாக இழுத்தெடுக்கும் அவர்களுடைய வேலை, கட்டியின் மணத்தில் பாதி. பனிக்கால இரவில் பெட்டியோடு அடுப்பில் வைத்து, சிறிது வெள்ளை ஒயின் ஊற்றிச் சுட்டு, உருளைக்கிழங்கோடு உண்பார்கள்.

பால் திரிந்ததும் பிரியும் தெளிநீரையும் இவர்கள் கொட்டவில்லை, பன்றிகளுக்கு ஊட்டினார்கள். அந்தப் பன்றி இறைச்சியிலிருந்து வருவது மொர்த்தோ நகரத்துச் சாசேஜ். பழைய பண்ணைவீடுகளின் நடுவில் துயே என்றொரு அறை உண்டு. அதன் நான்கு சுவர்களும் மேலே போகப்போகச் சரிந்து குவிந்து, கூரையைத் தாண்டிப் பலகைக் கூம்பாக எழும்பும். அறையே புகைபோக்கி என்று சொல்லலாம். கீழே ஊசியிலை மரத்தூளின் தணல், மேலே வரிசையாகத் தொங்கும் சாசேஜ்கள். குறைந்தது 48 மணி நேரம் புகை குடிக்க வேண்டும். ஒரு முனையைச் சிறு மரக்குச்சியால் முடிந்திருப்பது இதன் அடையாளம். சமைக்கும்போது முள்கரண்டியால் குத்திவிடாதீர்கள். கொழுப்போடு புகைமணமும் நீரில் போய்விடும்.

மலையின் மேற்குச் சரிவில் திராட்சைத் தோட்டங்கள். அங்கே சவான்யேன் திராட்சையிலிருந்து மஞ்சள் ஒயின் செய்கிறார்கள். பீப்பாயில் ஆவியாகிக் குறைவதை நிரப்பாமல், மேலே நுண்ணுயிர்ப் படலம் மூடியிருக்க, ஆறு ஆண்டுகளுக்கு மேல் விட்டுவிடுவார்கள். ஒரு லிட்டரில் மிஞ்சுவது இவ்வளவே என்று சொல்லி 62 சென்டிலிட்டர் புட்டியில் அடைக்கிறார்கள். ஷாத்தோ ஷலோன் ஊரில் விளைச்சல் தரம் இல்லையென்றால் அந்த ஆண்டு ஒயினுக்கு ஊரின் பெயரைச் சூட்டுவதையே விட்டுக்கொடுக்கிறார்கள். 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் அப்படி நடந்தது. கோந்தேவோடு இதை அருந்துவது ஊர் வழக்கம்.

ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புப் பாறை தண்ணீரைத் தேக்காது. மேலே விழுவது விரிசல்கள் வழியாக விரைவில் ஆற்றில் சேரும். 2009ஆம் ஆண்டு இறுதியிலும் அடுத்த ஆண்டும் இந்த மலைப்பகுதியின் லூ ஆற்றில் மீன்கள் கூட்டமாகச் செத்தன. கழிவுநீர், வெப்பமாகும் கோடை ஆகியவற்றோடு, புல்வெளிகளில் இடும் சாணக் குழம்பும் உரமும் காரணங்களாகப் பேசப்படுகின்றன. கோந்தே நன்றாக விற்பதால் பால் கூடுகிறது. பால் கூடினால் சாணமும் கூடுகிறது. இதனால்தான் உற்பத்தியாளர்களே எருவுக்கும் உரத்துக்கும் பண்ணையின் அளவுக்கும் வரம்பு வைப்பதைப் பற்றி விவாதித்து, விதிகளைத் திருத்திவருகிறார்கள்.

[காட்சி: ஃப்ருய்த்தியேரின் முன்புறக் கடை. பலகையில் இரண்டு துண்டுகள்.]

அந்தப் பக்கம் போனால், ஊர் ஃப்ருய்த்தியேரின் கடையில் கோடைக் கட்டியையும் குளிர்காலக் கட்டியையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நல்ல மஞ்சளாக இருப்பது பச்சைப் புல்லும் பூவும் மேய்ந்த மாதங்களின் பால். தந்த நிறத்தில் வெளிறியிருப்பது, வெளியே பனி கொட்ட, உலர்ந்த புல்லைத் தொழுவத்தில் அசைபோட்ட மாட்டின் பால். வெளிறியதை முதலில் சுவையுங்கள்.