சும்மா இருக்க விடாத வளவு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெக்கையில் விசிறிக்கொண்டு காத்திருக்கும் சபையோரே, வணக்கம்.

குடும்பம் நிறைவாக வாழ ஏற்றது வீடும் தோட்டமும் கிணறும் சேர்ந்த ஊர் வளவா, திருகோணமலை நகர வீடா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய நண்பர் நகர வீட்டுக்காக வாதாடினார். வளவு என்றால் சருகு, பாம்பு, குரங்கு, யானை, ஓயாத வேலை என்று அடுக்கினார். ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. தம்பலகாமத்துப் பக்கம் வளர்ந்தவள் நான். பலா பழுத்தால் வாசம் எங்களுக்கு முன்பே யானைக்குப் போய்விடும். யானையைத் துரத்தப் போன நாய், அதையே பின்னால் இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்த கதையெல்லாம் எங்கள் ஊரில் உண்டு.

ஆனால், வேலை அதிகம் என்பதை ஒரு குறையாகச் சொன்னாரே, அங்கேதான் அவரை விட மாட்டேன். நகர வீட்டில் அம்மம்மாவுக்கு என்ன வேலை, நடுவர் அவர்களே? நாற்காலி, தொலைக்காட்சி நாடகம், எழுந்தால் "நீங்க சும்மா இருங்கோ" என்ற அதட்டல். வளவில் அவர் தென்னோலைக் கிடுகு பின்னுவார், ஈர்க்கு வார்ந்து விளக்குமாறு கட்டுவார், எந்தக் கோழி எந்த மூலையில் முட்டை இடுகிறது என்று சொல்வார். எந்தத் தென்னையில் இளநீர் பறிக்கலாம், எதை முற்ற விடவேண்டும் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்காமல் பறித்தால் அன்று முழுக்கப் பேச்சு விழும்!

நாயையும் பாருங்கள். நகரத்தில் அது இரும்புக் கேற்றுக்குப் பின்னால் சங்கிலியில் நின்று, போகிற வருகிற ஓட்டோவுக்கெல்லாம் குரைக்கிறது. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வளவு நாய் குரைத்தால் அதற்குப் பொருள் உண்டு. படலையில் ஆள் நின்றால் ஒரு குரல், தென்னையில் குரங்கு ஏறினால் வேறு குரல். விறகு அடுக்குக்குள் புடையன் பாம்பு கிடந்தால் ஒரே இடத்தில் நின்று, முன்னும் போகாமல் பின்னும் வராமல் குரைக்கும். அந்தக் குரல் கேட்டால் அம்மா முதலில் பிள்ளைகளைத்தான் உள்ளே கூப்பிடுவார். சரி, ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போட வேண்டும். அதையும் நண்பர் வேலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

சருகு குப்பையாம்! தென்னையைச் சுற்றிப் பாத்தி வெட்டி, தேங்காய்ப் பொச்சைத் தாழ்த்தி, மேலே சருகைப் பரப்பிப் பாருங்கள். கச்சான் காற்று மண்ணை வறுக்கிற ஜூன், ஜூலையிலும் அடியில் ஈரம் நிற்கும். 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியபோது வயற்காரர் தலையில் கைவைத்தார்கள். எங்கள் கத்தரிக்கும் முருங்கைக்கும் மாட்டெருவும் வேலியில் வெட்டிய சீமைக்கிளுவைக் குழையும் போதுமாக இருந்தன.

அடுத்த ஆண்டு, 2022. நாடே பொருளாதார நெருக்கடியில். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. நகரத்தில் வெறும் சிலிண்டரை வைத்து இடம் பிடித்து வரிசையில் நின்றோர் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். பாளையும் மட்டையும் பொச்சும் எரிந்த எங்கள் அடுப்பு அணையவில்லை. அந்த ஜூனில் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டவர்கள் அந்த வெள்ளிக்கிழமைகளில் எங்கே நட்டார்கள்?

வைத்தியசாலையும் டியூஷன் வகுப்பும் நகரத்தில் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஓட்டோவுக்கு அலைய வேண்டும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது நடுவர் அவர்களே. அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி ஒன்றை மட்டும் சொல்லட்டும்: குழாயில் தண்ணீர் வராத நாளில் அவர் வீட்டில் என்ன செய்கிறார்கள்? எங்கள் வளவில் கிணறு இருக்கிறது. நன்றி, வணக்கம்.