தலைகீழாக நிற்கும் காவல் தெய்வம்

எல்லாருக்கும் வணக்கம். கொரியன் சீரியல் பார்க்கிறவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் பட்டு உடையையும் விஷக் கிண்ணத்தையும் உங்களிடமே விட்டுவிட்டு நான் ஒரு பாலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சியோல் நகரத்தின் நடுவில் சொங்க்யேசொன் என்று ஓர் ஓடை. போன நூற்றாண்டில் அதை கான்கிரீட் போட்டு மூடி மேலே ரோடு போட்டார்கள், அப்புறம் மனசு மாறி எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து 2005இல் திரும்ப ஓடையாகத் திறந்துவிட்டார்கள். அதன் குறுக்கே க்வாங்தொங்க்யோ என்று ஒரு கல் பாலம். மேலே நடந்து போனால் ஒன்றும் தெரியாது. கீழே இறங்கி, தண்ணீர் ஓரமாக நின்று பாலத்தின் பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். மேகம், சுருள் சுருளாகக் கொடி, கைகூப்பிய காவல் தெய்வம் என்று அவ்வளவு நுணுக்கமான வேலை. ஆட்டுமாடு போகிற பாலத்துக்கு இதெல்லாம் எதற்கு? இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், சில சிற்பங்கள் தலைகீழாக நிற்கும். வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள் என்றுதான் அங்கே பலரும் சொல்வார்கள். கைக்கு வந்த கல்லை வந்தபடி அடுக்கியிருக்கவும் கூடும். எப்படியானாலும் அவை பாலத்துக்கென்று செதுக்கிய கற்கள் இல்லை. ஒரு ராணியின் சமாதியிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தவை.

அந்த ராணியின் பெயர் சின்தொக். காங் குலத்துப் பெண். ஐந்நூறு வருஷம் ஆண்ட ஜோசொன் வம்சத்தின் முதல் பட்டத்து ராணி.

அவரைப் பற்றி முதலில் சொல்லும் கதை ஒரு தண்ணீர்க் கதை. யி சொங்க்யே என்ற தளபதி வேட்டையாடிக் களைத்து ஒரு நீர்நிலைக்கு வருகிறார், அங்கே நின்ற பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார், அவள் மொண்ட தண்ணீரில் வில்லோ மர இலைகளைக் கிள்ளிப் போட்டுக் கொடுக்கிறாள். இவருக்குக் கோபம். மூச்சு வாங்க வந்திருக்கிறீர்கள், மடமடவென்று குடித்தால் புரையேறும், இலையை ஊதி ஊதி மெதுவாகக் குடிக்கட்டும் என்றுதான் போட்டேன் என்கிறாள். அழகான கதை. ஆனால் இதே கதையை நானூறு வருஷத்துக்கும் மேல் முந்திய கொர்யோ வம்சத்தின் முதல் ராஜாவுக்கும் அவர் ராணிகளில் ஒருவருக்கும் சொல்கிறார்கள், ஆகவே இதைக் கதையாக மட்டும் ரசித்துவிட்டு வைத்துவிடலாம்.

நடந்த விஷயம் இவ்வளவு கவித்துவமானது இல்லை. யி சொங்க்யே வடகிழக்கு எல்லைக்காரர், சண்டையில் புலி, தலைநகர் கேசொங்கில் ஆள்பலம் இல்லை. காங் குடும்பத்துக்குத் தலைநகரில் செல்வாக்கு உண்டு. கொர்யோ காலத்துப் பெரிய அதிகாரிகள் ஊரில் ஒரு மனைவி, தலைநகரில் ஒரு மனைவி என்று இரண்டு குடும்பம் வைப்பது சாதாரணம், இரண்டு பேருமே மனைவிதான், வைப்பு இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். ஊரில் இருந்த மூத்தவர் ஹான் குலத்துப் பெண், அவருக்கு ஆறு மகன்கள். தலைநகரில் இளையவர் காங், கணவரைவிட ஏறக்குறைய இருபது வயது சின்னவர், இரண்டு மகன்கள், ஒரு மகள்.

1388இல் யி சொங்க்யே, மிங் சீனாவைத் தாக்கப் போன படையை வழியிலேயே திருப்பிக்கொண்டு தலைநகர் மேலேயே வந்தார். ராஜத்துரோகம். குடும்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் இல்லையா? அப்போது ஐந்தாவது மகன் பாங்வொன், இருபது வயது சொச்சம், பெற்ற தாயையும் சிற்றன்னை காங்கையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பத்திரமான இடத்துக்கு ஓடினார். சிற்றன்னையை அன்றைக்குக் காப்பாற்றியவர் அவர்தான். சமாதியைப் பெயர்த்தவரும் அதே ஆள்தான்.

1391இல் ஹான் இறந்துபோகிறார். 1392இல் யி சொங்க்யே அரியணை ஏறி தேஜோ ஆகிறார், காங் பட்டத்து ராணி. அதே வருஷம் பட்டத்து இளவரசன் யார் என்ற கேள்வி வந்தது. அமைதியான காலமென்றால் மூத்தவன், கொந்தளிப்பான காலமென்றால் உழைத்தவன் என்று மந்திரிகள் இழுத்தார்கள். உழைத்தவன் என்றால் பாங்வொன்தான். எதிரணித் தலைவரையே கேசொங்கில் வேறொரு பாலத்தில் வைத்துத் தீர்த்துக்கட்டியது அவர் ஆட்கள். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த ராணி அழுதாராம். கடைசியில் ராணியின் இளைய மகன் பாங்சொக், பத்து வயசுப் பொடியன், பட்டத்து இளவரசன் ஆனான்.

கைகேயி ஞாபகம் வருகிறது இல்லையா? எனக்கும் வந்தது. கொரியாவிலும் ரொம்ப நாளாக அப்படித்தான் சொல்லிவந்தார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அந்தக் காலத்தை எழுதி வைத்தது யார்? தேஜோ ஆட்சியின் அதிகாரபூர்வக் குறிப்புகளைத் தொகுத்து முடித்தது 1413இல், பாங்வொன் ராஜாவாக இருந்தபோது. ஐம்பத்தேழு வயசு ராஜாவும், வளர்ந்த இளவரசர்கள் கையில் இருந்த சொந்தப் படைகளைக் கண்டு பயந்த மந்திரி ஜொங் தோஜொனும் போட்ட கணக்கு, எழுதும்போது இளைய தாரத்தின் கண்ணீர்க் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் ஆசைப்படவில்லை என்று சொல்லவரவில்லை, நிச்சயம் ஆசைப்பட்டிருப்பார், அரசியல் தெரிந்த பெண். ஆனால் முடிவெடுத்த கை ராஜாவுடையது.

1396இல் ராணி நோயில் இறந்தார். தேஜோ உடைந்துபோனார். இப்போது தலைநகர் சியோல். தலைநகர் மதிலுக்குள் சமாதி கட்டக்கூடாது என்பது வழக்கம், அதை மீறி, அரண்மனைக்குக் கொஞ்ச தூரத்திலேயே புதைத்தார். சமாதியின் பெயர் ஜொங்னுங். பக்கத்திலேயே ஹுங்சொன்சா என்று ஒரு புத்த கோயில். காலையில் அந்தக் கோயில் மணி சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கிழவர் சாப்பிடக் கை வைப்பார் என்று சொல்வார்கள்.

இரண்டே வருஷம். 1398இல் ராஜா படுக்கையில் கிடந்த ஓர் இரவில் பாங்வொன் ஆட்களோடு இறங்கினார். ஜொங் தோஜொன் கொலை, பாங்சொக் கொலை, அண்ணன் பாங்பொன் கொலை, இருபதைத் தொடாத பையன்கள். மருமகனையும் விடவில்லை. மிஞ்சியது மகள் மட்டும். அவளை அப்பாவே துறவியாக்கினார். அவள் தலைமுடி விழுந்தபோது கண்ணீர் நிற்காமல் ஓடியது என்று குறிப்பு இருக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பாங்வொன் 1400இல் தேஜொங் என்ற பெயரில் ராஜா ஆனார். திறமையான ராஜா, அதில் சந்தேகமில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே, 1406இல், சமாதியைச் சுற்றி நூறு தப்படிக்கு அப்பால் யார் வேண்டுமானாலும் வீடு கட்டலாம் என்று திறந்துவிட்டார். கேட்கவா வேண்டும், பெரிய மனிதர்கள் மருமகன்களைக் கூட்டிக்கொண்டு வந்து நல்ல மனையாக வளைத்தார்கள். 1408இல் தேஜோ இறந்தார். மறு வருஷமே சமாதி மதிலுக்கு வெளியே மலைப்பக்கம் தூக்கியெறியப்பட்டது. அங்கிருந்த வழிபாட்டு மண்டப மரம் சீனத் தூதர் தங்கும் மாளிகை கட்டப் போனது. 1410இல் மழை வெள்ளத்தில் க்வாங்தொங்க்யோ மண்பாலம் அடித்துக்கொண்டு போக, பழைய சமாதிக் கல் சும்மாதானே கிடக்கிறது, அதை வைத்துப் பாலம் கட்டுங்கள் என்று உத்தரவு. ஊரே மிதித்து நடந்தது.

அதோடு விடவில்லை. 1413இல், மனைவி இருக்கும்போது இன்னொரு மனைவி கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. நான் மனசில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஒரே நேரத்தில் இரண்டு மனைவி கிடையாது என்றால் இளையவர் யார்? வைப்பு. அவர் மகன்களுக்குச் சிம்மாசனத்தில் என்ன உரிமை? ராஜ குடும்ப முன்னோர் கோயிலில் தேஜோவுக்குப் பக்கத்தில் ஹானின் நினைவுப் பலகை மட்டும்தான், காங்குக்கு இடமில்லை. மனைவி, வைப்பு என்ற கோடு கெட்டிப்பட்ட பிறகு, வைப்பின் பிள்ளைகள் அரசு வேலைத் தேர்வு எழுத முடியாமல் நூற்றாண்டுக் கணக்கில் அவமானப்பட்டார்கள். ஒரு குடும்பச் சண்டை முகம் தெரியாத எத்தனை வீட்டுப் பிள்ளைகள் தலையில் விடிந்தது பாருங்கள்.

அப்புறம் மறதி. சமாதி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய், 1581இல் காங் வம்சத்து ஒருவர் மனு போட்ட பிறகு தேடிக் கண்டுபிடித்தார்கள். சொங் சி-யொல் என்ற அறிஞர் வாதாடி, 1669இல்தான் ராணிப் பட்டமும் முன்னோர் கோயிலில் இடமும் திரும்பக் கிடைத்தது, இறந்து 273 வருஷம் கழித்து. அன்றைக்கு ஜொங்னுங் பக்கம் கொட்டிய மழைக்கு, மனக்குறை கழுவிய மழை என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்தார்கள்.

இன்றைக்குப் போனால் மற்ற ராஜ சமாதிகளைப் போல மேட்டைச் சுற்றிக் கல் கட்டோ கைப்பிடியோ இருக்காது, வெறும் புல் மேடு. முன்னால் நிற்கும் கல் விளக்கும் கல் மேசையைத் தாங்கும் உருண்டைக் கற்களும் மட்டும் முதல் சமாதியிலிருந்து வந்தவை. மலைக்குப் போகிற சின்ன ரயிலில் ஜொங்னுங் என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. சமாதி முதலில் இருந்த நகர நடுப் பகுதிக்கும் இன்றுவரை ஜொங்தொங் என்றுதான் பெயர், ஜொங்னுங் இருந்த பேட்டை என்று அர்த்தம். அங்கிருந்து பாலத்துக்கு நடந்தே போய்விடலாம்.