இரண்டு தடவை பிரித்த கழுத்தும் இழுபடும் முடிப்பும்

வணக்கம் உறவுகளே. வெளியில் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருக்கிறது. ஓட்டில் விழும் சத்தம் என் குரலோடு சேர்ந்து கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று இரவு எதிர்வீட்டு மாமி கொழும்புக்குப் பேருந்து ஏறுகிறார். நாளை மறுநாள் அவர் ரொறன்ரோவில் இருப்பார். தங்கச்சியின் மகனுக்காக நான் ஊசியால் பின்னிய, அவருடைய பெட்டிக்குள் போகவேண்டிய நீலச் சுவெட்டர் இதோ என் மடியில் இருக்கிறது. ஆம், சென்ற ஞாயிற்றுக்கிழமைக் காணொளியில் ‘முடிந்துவிட்டது’ என்று நான் தூக்கிக் காட்டிய அதே சுவெட்டர்தான். அது அன்று முடிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அதன் கழுத்தை இரண்டு தடவை பிரித்து, அன்றைய முடிப்போடு சேர்த்து மொத்தம் மூன்று தடவை முடித்திருக்கிறேன், அந்த மூன்றாவது தடவை எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். காணொளியைப் பதிவேற்றிய அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுச் சின்னவனைக் கூப்பிட்டு அளவு பார்த்தேன். அவனும் தங்கச்சியின் மகனைப் போல இரண்டு வயதுக்காரன். தலை உள்ளே போனது, நெற்றி வரை வந்தது, காதுக்கு மேலே நின்றுவிட்டது. கழுத்துப் பட்டியின் ரிப் பின்னல், அந்த வரிவரியான இழுபடும் பின்னல், எவ்வளவு அழகாக விரிந்துகொடுத்தது தெரியுமா? ஆனால் அதன் ஆகக் கடைசி வரிசை, ஊசியில் இருக்கும் நூல் வளையங்களான கண்ணிகளைப் பிரியாமல் நான் மூடி முடித்த அந்த ஒற்றை விளிம்பு மட்டும், கம்பி கட்டியதுபோல அசையாமல் நின்றது. பிள்ளை வீறிட்டு அழுதான். கழற்றிய பிறகு பார்த்தால் நெற்றியில் சங்கிலி போட்டதுபோல ஒரு சிவந்த தடம், கண்ணி கண்ணியாக எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாகப் பதிந்திருந்தது. அந்தத் தடத்தைப் பார்த்த பிறகு எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

விளிம்பு ஏன் அப்படி இறுகுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் காரணம் பிடிபட்டால் மற்றவை தாமாகவே பிடிபடும். அம்மம்மா ‘காஸ்ட் ஓஃப்’ என்று சொல்லித் தந்த வழக்கமான முடிப்பில், இரண்டு கண்ணிகளைப் பின்னி, முதலாவதை இரண்டாவதின் மேலாகத் தூக்கிவிட்டு, அப்படியே வரிசை முழுவதும் போகிறோம். அதனால் விளிம்பில் ஒரு சங்கிலி படுத்துக்கிடக்கிறது. கீழே உள்ள ரிப் பின்னலில் நிட் என்ற நேர்க் கண்ணிகள் முன்னுக்கும் பேர்ள் என்ற மறுபக்கக் கண்ணிகள் பின்னுக்குமாக மடிந்து ஒளிந்திருப்பதால், இழுத்தால் அந்த மடிப்பு விரிந்து அகலம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. மேலே கிடக்கும் சங்கிலிக்கு அப்படி விரிவதற்கு மடிப்பும் இல்லை, அதற்குள் மிச்ச நூலும் இல்லை. துணி விரியத் தயாராக இருந்தாலும் சங்கிலியில் எவ்வளவு நூல் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் விளிம்பு விரியும்.

‘விளிம்பு இறுகினால் பெரிய ஊசியால் முடியுங்கள்’ என்று உங்களில் பலர் கருத்தில் எழுதியிருந்தீர்கள். நல்ல ஆலோசனைதான். அதைப் பின்பற்றப் போய்த்தான் நான் இரண்டாவது தடவையும் பிரிக்க வேண்டி வந்தது. இந்த ஊசி விடயத்தை நான் விரிவாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் பின்னும் எல்லோர் வீட்டுப் பெட்டியிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது.

என்னிடம் இருப்பது அம்மம்மாவின் 8ஆம் எண் நேர் ஊசிகளும், பின்னாளில் வாங்கிய, இரண்டு முனைகளும் நெகிழும் வடத்தால் இணைந்த 4 மில்லிமீற்றர் வட்ட ஊசியும். இரண்டும் ஒரே தடிப்பு. வேறு எண் எனக்கு இதுவரை தேவைப்பட்டதேயில்லை. ஆகவே ‘ஒரு எண் பெரியது’ என்றால் 9 என்று எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை மழையங்கியைப் போட்டுக்கொண்டு துவிச்சக்கரவண்டியில் நகரத்துக்குப் போய், கஸ்தூரியார் வீதியின் கடைகளில் தேடி, 650 ரூபா கொடுத்து 9ஆம் எண் மூங்கில் ஊசி வாங்கி வந்தேன். உறையில் எண் மட்டும்தான் இருந்தது, மில்லிமீற்றர் அளவு அச்சிடப்படவில்லை. வீட்டுக்கு வந்து கழுத்தைப் பிரித்து, கவனமாக மறுபடியும் முடித்தால், முன்பு இருந்ததைவிட இன்னும் இறுக்கம்! என் கை இறுகிவிட்டதோ என்று யோசித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தேன். பிறகுதான் ஊசி அளக்கும் துளைத்தகட்டை எடுத்து அளந்து பார்த்தேன். 3.75 மில்லிமீற்றர்.

பழைய பிரித்தானிய எண்முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும், உறவுகளே. அந்த எண்கள் கம்பி இழுக்கும் தொழிலின் அளவுமுறையிலிருந்து வந்தவை. அச்சுத் துளைகள் வழியாகக் கம்பியை இழுக்க இழுக்க அது மெலியும், எண்ணும் கூடும். அமெரிக்க எண்முறை இதற்கு நேர் எதிரானது, அங்கே எண் கூடினால் ஊசியும் தடிக்கும். பிரித்தானிய 8 என்பது 4 மில்லிமீற்றர், அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீற்றர். ஒரே இலக்கம், முழு ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம். நம் வீடுகளில் உள்ள பழைய ஊசிகள் பிரித்தானிய எண்ணில் இருக்கின்றன, இணையத்தில் நாம் எடுக்கும் மாதிரிகளில் பெரும்பாலானவை அமெரிக்க எண்ணில் இருக்கின்றன. உறையில் மில்லிமீற்றர் அச்சிடாமல் ஊசி விற்பதை நான் மன்னிக்கவே மாட்டேன். உறையைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை மறுபடியும் நனைந்துகொண்டு போய், வேறொரு கடையில் துளைத்தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே அளந்து, 780 ரூபாவுக்கு 5 மில்லிமீற்றர் நேர் ஊசி வாங்கினேன். வட்ட ஊசியில் பின்னிய கழுத்தை முடிப்பதற்குப் புதிய வட்ட ஊசி தேவையில்லை. கண்ணிகள் வட்ட ஊசியிலேயே இருக்கட்டும், வலது கையில் மட்டும் தடித்த நேர் ஊசியைப் பிடித்தால் போதும்.

இந்தத் தடவை நேரே கழுத்தில் கைவைக்கவில்லை. அதே நூலில் 24 கண்ணி அகலத்தில், இரண்டு நிட் இரண்டு பேர்ள் ரிப்பாக, மூன்று சிறிய துண்டுகள் பின்னினேன். இதோ கமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். மூன்றும் இழுக்காமல் வைத்தால் 9 சென்ரிமீற்றர். முதலாவது, வழக்கமான முடிப்பு: முழுப் பலத்தோடு இழுத்தாலும் 11 சென்ரிமீற்றருக்கு மேல் வரவில்லை. இரண்டாவது, அதே முடிப்பு 5 மில்லிமீற்றர் ஊசியால்: 13 வரை வந்தது, ஆனால் விளிம்பில் சங்கிலி தளர்ந்து நெளிந்து, பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது, நூல் வளையம் சேர்த்த முடிப்பு: 17 சென்ரிமீற்றர்! கீழே உள்ள துணி விரியும் அளவுக்கே விளிம்பும் விரிகிறது. கழுத்தில் இருப்பவை 80 கண்ணிகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் முதலாவது 37 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடும், இரண்டாவது 43, மூன்றாவது 56ஐத் தாண்டும். தங்கச்சி அளந்து அனுப்பிய பிள்ளையின் தலைச்சுற்று 49. அப்படியானால் 5 மில்லிமீற்றர் ஊசி கிடைத்திருந்தாலும் அந்தப் பிள்ளை அழுதிருப்பான்.

இந்த மூன்றாவது முறையை 2009ஆம் ஆண்டில் ஜெனி ஸ்டைமன் என்ற பெண் ‘நிட்டி’ என்ற இணைய இதழில் வெளியிட்டார். வியப்பூட்டும் அளவுக்கு இழுபடும் முடிப்பு என்ற பொருள்படவே அவர் அதற்குப் பெயரும் வைத்தார்; அந்தப் பெயர் முற்றிலும் பொருத்தமானது. செய்யும் விதம் இது. ஒவ்வொரு கண்ணியையும் பின்னுவதற்கு முன்பு வலது ஊசியில் நூலை ஒரு தடவை சுற்றி வளையம் ஒன்றை ஏற்றிக்கொள்ள வேண்டும். பின்னப்போவது நிட் கண்ணியானால், பின்னால் இருக்கும் நூலை ஊசியின் மேலாக முன்னுக்குக் கொண்டுவந்து, அடியால் மறுபடியும் பின்னுக்கு எடுத்து, அதன் பிறகு கண்ணியைப் பின்ன வேண்டும். இது நாம் ஓட்டைப் பின்னலுக்குச் சுற்றும் திசைக்கு எதிரானது, அதனால் முதல் பத்துக் கண்ணிகளுக்குக் கை தடுமாறும். பேர்ள் கண்ணியானால் நூல் முன்னால் இருக்கும். அதை வழக்கம்போலவே மேலாகப் பின்னுக்குக் கொண்டுபோய், அடியால் முன்னுக்கு எடுத்துப் பின்ன வேண்டும். பின்னியவுடன் அந்த வளையத்தை இடது ஊசி நுனியால் பிடித்து, இப்போது பின்னிய கண்ணியின் மேலாகத் தூக்கி விட்டுவிட வேண்டும். பாருங்கள், கண்ணியின் கழுத்தைச் சுற்றி ஒரு சிறு முடிச்சு உட்காருகிறது. வலது ஊசியில் இப்படி இரண்டு கண்ணிகள் சேர்ந்ததும், வழக்கமான முடிப்பைப் போலவே முதலாவதை இரண்டாவதின் மேலாகத் தூக்கிவிட வேண்டும்.

அந்தச் சிறு முடிச்சுத்தான் இரகசியம். சங்கிலியின் இரண்டு கண்ணிகளுக்கிடையில் கொஞ்சம் மேலதிக நூலை அது சேமித்து வைக்கிறது, இழுக்கும்போது அதை விட்டுக்கொடுக்கிறது. வழக்கமான முடிப்புக்கு என் 24 கண்ணித் துண்டில் 30 சென்ரிமீற்றர் நூல் போனது, இதற்கு 52 போனது. ஆகவே நூல் உருண்டை முடியும் தறுவாயில் இருந்தால் தொடங்காதீர்கள். இன்னொன்று, வளையத்தைச் சுற்றியவுடன் நூலைச் சுண்டி இழுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அப்படிச் செய்தால் செய்த வேலை முழுவதும் வீண். இதற்குத் தடித்த ஊசியும் தேவையில்லை, கழுத்தைப் பின்னிய அதே 4 மில்லிமீற்றர் ஊசியாலேயே முடித்தேன். ஆம், அந்த 780 ரூபா ஊசி கடைசியில் அளவுத் துண்டுக்குத்தான் உதவியது.

சொல்ல மறந்துவிட்டேன், துண்டுகளுக்குத் திரும்பவும் போகிறேன். அளக்கும் முன் மூன்றையும் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தேன், பிறகுதான் அளந்தேன். மழை நாளில் காய ஒரு முழு இரவு எடுத்தது. இது அக்ரிலிக் நூல், இங்கே எங்களுக்கு இலகுவில் கிடைப்பது அதுதான். ஆட்டுக் கம்பளி நூலைப் போல அது இழுத்த பிறகு துள்ளித் தன் இடத்துக்குத் திரும்பாது, ஆகவே விளிம்பு விரிவதோடு திரும்பிச் சுருங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த முடிப்பில் 17க்கு இழுத்துவிட்டபோது 9.5க்குத் திரும்பியது, எனக்குத் திருப்தி. அக்ரிலிக்கில் மட்டும் தயவுசெய்து சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்துவிடாதீர்கள். சூடு பட்ட ரிப் தளர்ந்து சப்பையாகிவிடும், எந்த முடிப்பும் பிறகு அதைக் காப்பாற்றாது.

நூல் வால் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் முதல் கழுத்தில் அதுவும் ஒரு பிழை. மிச்ச நூலை விளிம்பு நெடுகப் படுக்கையாகத் தைத்து மறைத்திருந்தேன். அப்படித் தைத்தால் அந்த இடம் ஒரு நாடாவைப் போல இறுகிவிடும். இம்முறை மொட்டை முனை ஊசியில் நூலைக் கோத்து, முதல் கண்ணியின் இரண்டு கால்களுக்கும் அடியால் எடுத்து, கடைசிக் கண்ணிக்குள் திரும்ப விட்டு வட்டத்தைப் பொருத்தினேன். அதன்பின் உட்பக்கமாக ஒரு நிட் கண்ணித் தூணின் வழியே நேரே கீழ்நோக்கி இறக்கினேன். சேர்ந்த இடம் எதுவென்று இப்போது எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

இதை எல்லா விளிம்புக்கும் செய்யலாமா என்று கேட்பீர்கள் என்று தெரியும். செய்யக்கூடாது. தோள்பட்டையின் விளிம்பு சுவெட்டரின் பாரம் முழுவதையும் தாங்குவது, அங்கே இறுக்கமான வழக்கமான முடிப்புத்தான் சரி. ரிப் இல்லாத சமதளப் பின்னலில் இதைப் போட்டால் விளிம்பு பாவாடைக் கரைபோல விரிந்து நிற்கும். சால்வைக்கு எனக்குப் பிடித்தது இரண்டு கண்ணிகளைப் பின்பக்கத்தால் சேர்த்துப் பின்னி, அந்த ஒன்றை இடது ஊசிக்குத் திருப்பிப் போட்டுத் தொடரும் முறை. பின்னல் ஆசிரியை எலிசபெத் சிம்மர்மனின் தையல் முடிப்பு இவை எல்லாவற்றிலும் அழகானது என்பேன். விளிம்பைப் போல மூன்று மடங்கு நீள நூலை வெட்டி ஊசியில் கோத்து, இரண்டு கண்ணிகளுக்குள் முன்னோக்கியும் ஒன்றுக்குள் பின்னோக்கியுமாகத் தைத்துக்கொண்டே போவது. ஆனால் 80 கண்ணிக் கழுத்தில் ஒவ்வொரு கண்ணிக்கும் அத்தனை நீள நூலையும் இழுத்து எடுக்கவேண்டும், இந்தப் புழுக்கத்தில் வியர்த்த கையில் அக்ரிலிக் நூல் பஞ்சு பிரிந்துவிடும். அதனால் இங்கே அதைச் செய்ய எனக்கு மனமில்லை. விரலிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் பின்னும் காலுறையின் மேல் விளிம்புக்கு மாத்திரம் ஜெனியின் முடிப்பைக் கட்டாயம் செய்யுங்கள். குதிகால் அந்த விளிம்பைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

இன்று காலை சின்னவனை மறுபடியும் கூப்பிட்டேன். சுவெட்டரைக் கண்டதும் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துவிட்டான், அவனைக் குறைசொல்ல முடியாது. ஒரு பனங்கட்டித் துண்டைக் கையில் கொடுத்து, இரண்டு பக்கமும் விளிம்பை விரித்துப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே வைத்தேன். நெற்றி, காது, நாடி, ஒரே மூச்சில் இறங்கியது. வாயில் பனங்கட்டி அப்படியே இருந்தது. கழுத்துக்கு வந்ததும் ரிப் சுருங்கி அமர்ந்தது, விளிம்பில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. கழற்றிய பிறகு அவனுடைய நெற்றியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு தடமும் இல்லை.

மாமியின் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. இதை மடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த 9ஆம் எண் ஊசியால் தங்கச்சிக்கு ஒரு சோடி காலுறையின் ரிப்பைத் தொடங்குவோம், உங்களிடம் இருக்கும் ஊசிகளை அதற்குள் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.