கடன் குறைந்ததால் ஆஃப் செய்த கடிகாரம்! அமெரிக்கா நாலு வருஷம் மிச்சம் பிடித்த கதை

வணக்கம். 2000ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். நியூயார்க்கில் ஒரு பெரிய கடிகாரத்தை நிறுத்தி, திரை போட்டு மூடுகிறார்கள். கடிகாரத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. அதில் ஓடிக்கொண்டிருந்த எண் குறைய ஆரம்பித்துவிட்டது, அதுதான் பிரச்சினை. காரணம், அது நேரம் காட்டும் கடிகாரம் இல்லை. அமெரிக்க அரசாங்கத்தின் கடனைக் காட்டும் கடிகாரம். கடன் குறையும் என்று நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை. பின்னால் ஓடவும் அதற்குச் சரியாகத் தெரியாது!

முதலில் அடிப்படையை முடித்துவிடுவோம், தெரிந்தவர்கள் பத்து வினாடி தள்ளிவிட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்தில் வரவைவிடச் செலவு எவ்வளவு கூடுதலோ, அது பற்றாக்குறை. அப்படிப்பட்ட பற்றாக்குறைகள் வருஷா வருஷம் சேர்ந்து நிற்பது கடன். சரி, கடிகாரத்துக்குப் போவோம்.

[திரையில்: டைம்ஸ் ஸ்கொயர் பக்கத்துத் தெரு, சுவரில் ஓடும் எண்கள்]

இதை 1989இல் சொந்தக் காசில் வைத்தவர் சீமோர் டர்ஸ்ட். நியூயார்க்கின் பெரிய ரியல் எஸ்டேட் புள்ளி. கடன் ஏறுவதைப் பார்த்து மனுஷருக்குப் பொறுக்கவில்லை. அதற்கு முன்பே எம்.பி.க்களுக்குப் புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்பி, "தேசியக் கடனில் உங்கள் பங்கு இவ்வளவு" என்று எழுதிக் கடுப்பேற்றியவர். வாழ்த்து சொன்ன மாதிரியும் ஆச்சு, பில் நீட்டின மாதிரியும் ஆச்சு. கடிகாரம் வைத்தபோது கடன் சுமார் 2.7 டிரில்லியன் டாலர். டிரில்லியன் என்றால் நம் கணக்கில் லட்சம் கோடி. கீழே இன்னொரு வரியில் ஒரு குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்றும் ஓடும். எண் குறைந்த அதிசயத்தைப் பார்க்க டர்ஸ்ட் இல்லை. 1995இலேயே இறந்துவிட்டார்.

மூடிய திரையை 2002 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அப்போது கடன் 6.1 டிரில்லியன். 2008இல் பத்து டிரில்லியனைத் தாண்டியது. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்: எண்ணைக் காட்டக் கட்டம் போதவில்லை! மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்து "கொஞ்சம் தள்ளுங்க" என்று உட்கார்வது போல, டாலர் குறியைக் கிளப்பிவிட்டு அந்தக் கட்டத்தில் 1 ஏறி உட்கார்ந்தது.

இருக்கட்டும். 2000இல் எண் குறைந்தது எப்படி? இங்கேதான் அரசியல். 1992இல் பற்றாக்குறை 29,000 கோடி டாலர். 2000இல் பற்றாக்குறை போய், செலவைவிட வரவு கூடி, உபரியாகவே 23,600 கோடி டாலர்!

முதல் அடி எடுத்து வைத்தவர் அப்போதைய அதிபர், குடியரசுக் கட்சியின் அப்பா புஷ். 1988 தேர்தலில் புது வரியே கிடையாது என்று அடித்துச் சொன்னார். 1990இல் எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து வரியை ஏற்றினார். அதோடு வந்த சட்டத்தில் ஒரு நல்ல விதி: புதுச் சலுகையோ வரிக்குறைப்போ கொண்டுவந்தால், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அங்கேயே காட்ட வேண்டும். என்னைக் கேட்டால், இந்த மொத்தக் கதையிலும் உருப்படியான வேலை இந்த விதிதான். பலன்? 1992 தேர்தலில் புஷ் தோற்றார்.

அடுத்து அதிபரானவர் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன். 1993 ஆகஸ்டில் வரி உயர்வும் செலவுக் குறைப்பும் சேர்ந்த மசோதா. பணக்காரர்களுக்கான உச்ச வருமான வரி 31 சதவீதத்திலிருந்து 39.6 ஆகிறது. பெட்ரோல் வரியும் ஏறுகிறது. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டுகூட இல்லை. நம் மக்களவை மாதிரியான பிரதிநிதிகள் சபையில் ஜெயிக்க 218 வேண்டும்.

இப்போது கேமராவை ஒரே ஒருவர் மீது திருப்புவோம். மார்ஜரி மார்கோலிஸ்-மெஸ்வின்ஸ்கி. கிளின்டனின் கட்சிக்காரர், பிலடெல்பியா புறநகரிலிருந்து முதல் முறையாக ஜெயித்து வந்தவர். அந்தத் தொகுதி காலங்காலமாகக் குடியரசுக் கட்சிக் கோட்டை. வரிக்கு ஓட்டுப் போட்டால் அரசியல் வாழ்க்கை காலி என்று அவருக்கே தெரியும். கிளின்டனே போன் செய்கிறார். "என் ஓட்டு இல்லாமல் ஜெயிக்கவே முடியாது என்றால் மட்டும் போடுகிறேன்" என்கிறார் மார்ஜரி. அந்த நிலைமையே வந்தது. போட்டார். 218க்கு 216. எதிர்வரிசையில் இருந்தவர்கள் "பை பை மார்ஜரி" என்று கோரஸாகக் கத்தினார்கள். அவர்கள் சொன்னபடியே 1994 தேர்தலில் தோற்றுப் போனார். மேல்சபையான செனட்டில் 50க்கு 50 வந்து, துணை அதிபர் அல் கோர் ஓட்டுப் போட்டுத்தான் நிறைவேறியது.

மசாலா இல்லாமலா? 2010இல் இதே மார்ஜரியின் மகனுக்கும் கிளின்டனின் மகள் செல்சிக்கும் கல்யாணம். ஒரு ஓட்டுக்கு இப்படி ஒரு சம்பந்தமா என்று கேட்காதீர்கள், நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு இறங்கியது, இணைய நிறுவனங்களின் டாட்காம் அலையில் பங்குச்சந்தை எகிறி வரி கொட்டியது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஓய்வூதியத்துக்காகத் தொழிலாளர்களிடம் பிடித்த பணமும் அந்த உபரிக் கணக்கில் சேர்ந்திருந்தது. அதைக் கழித்தால் 1998 முதல் 2001 வரையிலான நாலு வருஷ உபரி இரண்டு வருஷமாகச் சுருங்கிவிடும்.

இனிமேல்தான் வேடிக்கை. கடன் ஒழிந்துவிடுமோ என்று பயம் வந்துவிட்டது! 2000இல் அரசாங்கத்துக்குள்ளேயே ஓர் அறிக்கை தயாரித்தார்கள், வெளியிடவில்லை. 2011இல்தான் வெளியே தெரிந்தது. அரசு கடன் வாங்குவதற்காக விற்கும் அமெரிக்கக் கடன் பத்திரமே இல்லாமல் போனால் உலகம் பாதுகாப்பாகப் பணத்தை எங்கே போட்டு வைக்கும் என்பது அதில் ஒரு கவலை. பத்து வருஷத்தில் 5.6 டிரில்லியன் டாலர் உபரி சேரும் என்று 2001 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணித்தது. மத்திய வங்கித் தலைவர் கிரீன்ஸ்பானும், கடனை அடைத்த பிறகும் உபரி சேர்ந்துகொண்டே போனால் அரசே தனியார் சொத்துகளை வாங்கிக் குவிக்க வேண்டி வரும், வரியைக் குறைக்கலாம் என்றார். யாராவது வரியைக் குறைக்கச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர்களுக்கு இது போதாதா? ஜூனில் 1.35 டிரில்லியன் டாலருக்கு வரிக்குறைப்பு. அக்டோபரில் 30 வருஷக் கடன் பத்திரம் விற்பதையே நிறுத்தினார்கள்.

அப்புறம் இரண்டு போர்கள், இன்னொரு வரிக்குறைப்பு, 2008 நெருக்கடி, கொரோனா. 1990இல் வந்த அந்த நல்ல விதியும் 2002இல் காலாவதியானது. நிறுத்திய 30 வருஷப் பத்திரத்தை 2006இல் மறுபடி விற்க ஆரம்பித்தார்கள்.

2025 ஆகஸ்டில் கடன் 37 டிரில்லியனைத் தாண்டியது. 2024 நிதியாண்டிலேயே ராணுவச் செலவைவிட வட்டிச் செலவு அதிகம். ஆனால் மார்ஜரி ஓட்டுப் போட்ட அந்தப் பெட்ரோல் வரி? கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 18.4 சென்ட். 1993இல் ஏற்றியது, அதற்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏற்ற ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

உங்களிடம் ஒரு கேள்வி. பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி உங்கள் பெட்ரோல் விலையை ஏற்றிய எம்.பி.க்கு அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடுவீர்களா? கமெண்டில் உண்மையைச் சொல்லுங்கள். "கண்டிப்பாகப் போடுவேன்" என்கிறவர்கள் எந்தத் தொகுதி என்றும் சேர்த்துப் போடுங்கள், எம்.பி.க்களுக்கு உதவியாக இருக்கும்.