குதிரையின் குருதியிடம் எதைக் கேட்கிறோம்?

(கிளிநொச்சியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவர்களுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, மாணவச் செல்வங்களே,

மாடும் எருமையும் நிறைந்த வன்னியிலே குதிரையைப் பற்றிப் பேச வந்தவனைப் பார்த்து, நெடுந்தீவுக்குப் போகவேண்டியவர் வழிதவறி வந்துவிட்டாரோ என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆனால், வயலிலே புடையன் தீண்டியவரைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடியவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். அங்கே ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து, இந்தியாவில் குதிரைகளுக்குப் பாம்பு நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் குருதியில் உருவாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுவது. குதிரை நம் வளவில் இல்லாவிட்டாலும் அதன் குருதியிற் பிறந்த மருந்து நம் வைத்தியசாலை அலுமாரியில் இருக்கிறது. அக்குருதியில் வேறு என்ன இருக்கிறது என்பது ஆகவே நமக்கும் உரிய கேள்விதான்.

இந்தக் கேள்விக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1918ஆம் ஆண்டளவில் தென்னாபிரிக்காவில் ஆர்னோல்ட் தெய்லர் என்ற கால்நடை மருத்துவ அறிஞர், நோய்த்தடுப்புக்காகக் குதிரைச் சீரம் (குருதியின் தெளிந்த நீர்ப்பகுதி) ஏற்றப்பட்ட குதிரைகளிற் சில, வாரங்கள் கழிந்தபின் ஈரல் அழிந்து இறப்பதைக் கண்டு எழுதினார். காரணம் பிடிபடவில்லை. 2018இல்தான், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், குதிரைச் சீரத்திலிருந்து செய்யப்படும் ஏற்புவலி எதிர்மருந்து பெற்றபின் ஈரல் நோயால் இறந்த ஒரு குதிரையின் ஈரலிலும் சீரத்திலும் இருந்த மரபுப் பொருள் முழுவதையும் ஆய்வாளர்கள் வாசித்தபோது, பார்வோவைரசு எனப்படும் மிகச்சிறிய வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்த, அதுவரை எவரும் அறிந்திராத ஒரு வைரசு வெளிப்பட்டது. கொடுக்கப்பட்ட எதிர்மருந்திலும் அதே வைரசு இருந்தது. இதைக் கேட்டு எவரும் அஞ்சவேண்டாம். அவ்வைரசு மனிதரைத் தொற்றியதாக அறியப்படவில்லை. விஷமுறிவு மருந்தும் பெப்சின் போன்ற நொதியங்களாற் செரிக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டே வருகிறது. புடையன் கடித்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

நூறாண்டுக் காலம் அது ஏன் அகப்படவில்லை? கொரோனாக் காலத்தில் நம் மூக்கினுள் குச்சி விட்டுச் செய்த பிசிஆர் சோதனையை நினைத்துப் பாருங்கள். தேடப்படும் வைரசின் மரபணுவோடு பொருந்தும்படி முன்கூட்டியே செய்யப்பட்ட சிறு துண்டுகளை மாதிரியினுள் இடுகிறோம். அவை பொருந்தி ஒட்டினால் அந்தப் பகுதி கோடிக்கணக்காகப் பெருகும், ஒட்டாவிட்டால் ஒன்றும் நிகழாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பெயருக்குரியவர் மட்டுமே எழுந்து வருவது போன்றது இது. முழு வாசிப்பு முறையிலோ பெயர் கூறி அழைப்பதில்லை. மாதிரியிலுள்ள எல்லாத் துண்டுகளையும் வாசித்து, பெரும்பங்காக இருக்கும் குதிரையின் சொந்த மரபுப் பொருளைக் கழித்து, எஞ்சியவற்றை அறியப்பட்ட வைரசுகளோடு ஒப்பிடுகிறார்கள். செலவு மிகுந்த வேலைதான். எல்லா நோயாளிக் குதிரைக்கும் இதைச் செய்யவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஹென்ட்ரா வைரசின் கதை என்னை இன்றும் உறுத்துகிறது. 1994இல் பிரிஸ்பேன் நகரில் குதிரைகளையும் அவற்றின் பயிற்றுநரையும் கொன்ற இந்த வைரசின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால். மனிதரில் அறியப்பட்ட ஏழு தொற்றுகளில் நான்கு மரணத்தில் முடிந்தன. 2015இல் குயின்ஸ்லாந்தில் இதே நோய்க்குறிகளோடு ஒரு குதிரை இறந்தது. வழமையான பிசிஆர் சோதனை ‘இல்லை’ என்றது. சேமித்து வைத்திருந்த அந்த மாதிரியைப் பல ஆண்டுகள் கழித்து முழுமையாக வாசித்தபோது, ஹென்ட்ரா வைரசின் இன்னொரு மரபணு வகை அதில் இருந்தது தெரிந்தது. பழைய வகையோடு ஏறத்தாழ 84 சதவீதமே ஒத்திருந்ததால், சோதனைத் துண்டுகள் அதில் ஒட்டவில்லை. புதிய வகைக்கேற்பச் சோதனை திருத்தப்பட்டபின், 2021 ஒக்டோபரில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு குதிரையில் அவ்வகை பிடிபட்டது.

மரபுப் பொருள் ஏ, ஜி, சி, டி என்ற நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டது போன்றது; மரபணு வகைப்படுத்தலில் அவற்றுள் ஓர் எழுத்தும் கணக்கில் வரும். குதிரைகளின் ஹெர்ப்பிஸ் வைரசு-1 இல், மரபுப் பொருளைப் படியெடுக்கும் நொதியமான டி.என்.ஏ. பொலிமரேசின் மரபணுவில் 2254ஆம் இடத்தில் ‘ஏ’ இருக்குமிடத்தில் ‘ஜி’ இருந்தால் நரம்பு நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. ஆயினும் ‘ஏ’ உள்ள வைரசாலும் குதிரைகள் நரம்பு நோயால் விழுந்திருக்கின்றன என்பதால், அந்த எழுத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது.

மன்னாரில் கட்டாக்காலிக் கழுதைகளை எல்லோரும் பார்த்திருப்போம். 2020இல் தாய்லாந்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொன்ற ஆபிரிக்கக் குதிரை நோய், கழுதையிற் பெரும்பாலும் வெளித்தெரியாமலே கடந்துபோகும். அதைப் பரப்புவது நுளம்பிலும் சிறிய, கடிக்கும் ஒரு பூச்சி. நலமாகத் தோன்றும் கழுதையிடமிருந்தும் மாதிரி எடுக்கவேண்டிய நாள் வரலாம். இவ்வைரசின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. நம் வெயிலில் விரைவிற் சிதையும் என்பதால் குழாய் உடனே பனிக்கட்டிப் பெட்டிக்குள் போகவேண்டும். திகதியும் இடமும் நோய்க்குறியும் அதன்மேல் எழுதப்படவேண்டும். பிசிஆர் ‘இல்லை’ என்று சொன்னபிறகும் அந்தக் குழாயை எறிந்துவிடாதீர்கள்.